பட்டினிக்குப் பிறகு எவ்வளவு சாப்பிட வேண்டும்? ஆன்சல் கீஸ் புத்தகத்தின் இரண்டாம் பாதி

ஆன்சல் கீஸும் அவருடைய ஆய்வுக் கூட்டாளிகளும் எழுதிய 'தி பயாலஜி ஆஃப் ஹியூமன் ஸ்டார்வேஷன்' 1950இல் வெளிவந்தது. இரண்டு தொகுதிகள், 1385 பக்கங்கள். பட்டினி பற்றிய ஆய்வுக் கட்டுரை எதை எடுத்தாலும் அநேகமாக இந்தப் புத்தகத்தின் பெயர் வந்துவிடும். யூடியூபில் எடைக்குறைப்பு பற்றிப் பேசுபவர்களும் இதை விடுவதில்லை. விலா எலும்பு துருத்தி நிற்கும் அமெரிக்க இளைஞர்களின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, "பாருங்க, 1,570 கலோரியில என்ன ஆச்சுன்னு" என்று ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் அதோடு முடித்தும் விடுவார்கள்.

அந்தப் பரிசோதனை பட்டினி போட்டுப் பார்ப்பதற்காக நடத்தப்பட்டது இல்லை. பட்டினி கிடந்தவர்களைச் சாப்பாடு கொடுத்து எப்படி மீட்பது என்பதுதான் கேள்வி. பட்டினி அதற்கான முன்னேற்பாடு மட்டுமே. நாம் அந்த முன்னேற்பாட்டைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். ஜிம்முக்குப் போய், அரிசியைக் குறைத்து, ஒருவேளை உணவுக்கு மாறி, ஆறு மாதத்தில் 'கட்' ஆகிவிட்டு, அப்புறம் "எப்பவும் அசதியா இருக்கு, எதிலயும் ஆர்வம் இல்லை, டெஸ்டோஸ்டிரோன் குறைவுன்னு ரிப்போர்ட் வந்திருக்கு" என்று நிற்கும் இளைஞனுக்கு வேண்டியது இரண்டாம் பாதிதான். அதில் நல்ல பதில் ஒன்று இருக்கிறது. கூடவே, பதில் சொல்ல முடியாத ஓட்டைகளும் இருக்கின்றன. இரண்டையும் பார்க்கலாம்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1944 நவம்பர். இரண்டாம் உலகப் போர் முடியப்போகிறது, ஐரோப்பாவில் கோடிக்கணக்கானோர் பட்டினியில். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்துக்கு அடியில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில் 36 இளைஞர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். எல்லோரும் மனசாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்து, மாற்றுச் சேவைக்கு அனுப்பப்பட்டவர்கள். தாமாக முன்வந்தவர்கள். முதல் 12 வாரம் நாளுக்குச் சுமார் 3,200 கலோரி, இயல்பான சாப்பாடு. அடுத்த 24 வாரம் சராசரியாக 1,570 கலோரி: உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மாக்கரோனி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும். சராசரி எடை 69.4 கிலோவில் இருந்து 52.6 கிலோவுக்கு இறங்கியது. ஏறக்குறைய கால் பங்கு உடம்பு காணாமல் போனது.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 55 அளவில் இருந்து 35 அளவுக்கு இறங்கியது. கோடைகாலத்திலும் குளிர்ந்தது. கணுக்காலில் நீர் கோத்தது. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள். சூயிங்கமும் கறுப்புக் காபியும் கட்டுமீறிப் போகவே கீஸ் அதற்கு வரம்பு போட வேண்டி வந்தது. (இன்றைக்கு டயட்டில் இருப்பவர்கள் பையைத் திறந்து பார்த்தாலும் இந்த இரண்டும் இருக்கும்.) பாலுணர்வு அநேகமாக அணைந்தே போனது. காதலியோடு வெளியே போவதையே நிறுத்தியவர்கள் உண்டு, அதில் வருத்தமும் படவில்லை. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

1945 ஜூலைக் கடைசியில் மீட்புக் கட்டம் தொடங்கியது. எஞ்சிய 32 பேரை நான்கு அணிகளாகப் பிரித்தார்கள். பட்டினிக்கால உணவுக்கு மேல் ஒரு அணிக்கு 400 கலோரி, அடுத்ததற்கு 800, பிறகு 1,200, 1,600. ஒவ்வொரு அணிக்குள்ளும் சிலருக்குக் கூடுதல் புரதம், சிலருக்கு வைட்டமின் மாத்திரை. எந்த அளவு போதும் என்பதைக் கண்டுபிடித்தால் ஐரோப்பாவுக்குக் கப்பலில் அனுப்பும் உணவைக் கணக்குப் போடலாம் என்பது யோசனை.

கீழ் அணிகளில் இருந்தவர்களுக்கு வாரக்கணக்கில் மாற்றமே தெரியவில்லை. சாப்பாடு கூடியிருக்கிறது, ஆனால் ஆள் அப்படியே இருக்கிறான். இடையில் எல்லா அணிகளுக்கும் உணவை ஏற்ற வேண்டி வந்தது. மனநிலையோ சிலருக்குப் பட்டினிக் காலத்தைவிட மோசமானது. "விடிவு வந்துவிட்டது" என்று நம்பியிருந்தவர்களுக்கு அது வராதபோது ஏற்பட்ட சரிவு அது. தன் கைவிரல்களைக் கோடரியால் வெட்டிக்கொண்ட ஒருவரின் கதை அடிக்கடி சொல்லப்படும். அது நடந்தது பட்டினிக் காலத்தில் அல்ல, மீட்புக் காலத்தில். படத்தைப் போட்டுப் பேசுபவர்கள் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

கடைசியில் கீஸ் வந்து சேர்ந்த முடிவு அன்றைய நிவாரண அதிகாரிகளுக்கு அதிர்ச்சி தரக்கூடியது: நாளுக்கு 2,000 கலோரியில் சொல்லும்படியான மீட்சி எதுவும் நடக்காது. சில மாதங்களுக்கு 4,000 கலோரி அளவில் கொடுக்க வேண்டும். கலோரி போதாத இடத்தில் வைட்டமினும் கூடுதல் புரதமும் அதை ஈடுகட்டவில்லை.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 2,000 கலோரி என்பது பட்டினி இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் மெலிந்த ஆளுக்கு அன்றாடச் செலவுக்குக் கட்டுபடியாகும் அளவுதான். ஆனால் அந்த உடம்பு அன்றாடச் செலவை மட்டும் பார்க்கும் நிலையில் இல்லை. தசை, கல்லீரல், சுருங்கிய இதயம், ரத்தம் என்று எல்லாவற்றையும் திரும்பக் கட்ட வேண்டும். ஆறு மாதமாகச் சம்பளம் இல்லாத வீட்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வந்தால் அரிசிக் கடைப் பாக்கிதானே அடையும், வீட்டுக்கு வெள்ளையடிக்க முடியாது. டயட்டை நிறுத்திவிட்டு 'நார்மலா' சாப்பிட ஆரம்பித்தும் மாதக்கணக்கில் அசதி போகவில்லை என்று சொல்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அவர்கள் சாப்பிடுவது இன்றைய செலவுக்கான அளவு. பாக்கி அப்படியே நிற்கிறது.

இங்கே சென்னை மாகாணத்தை ஒரு நிமிடம் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் கூலிக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று படியைக் குறைத்தார். ஒரு பவுண்டு 450 கிராம். அரிசி என்றே வைத்துக்கொண்டாலும் சுமார் 1,570 முதல் 1,600 கலோரி. ஆம், மினசோட்டாவில் பட்டினிக்கு வைத்த அதே அளவு. அணாவுக்குக் கொஞ்சம் உப்பு புளி கிடைத்திருக்கும். அதை வைத்துக்கொண்டு அவர்கள் நடந்து திரியவில்லை, மண் வெட்டினார்கள். மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ், உடல் உழைப்பு செய்பவனுக்கு இது பற்றாது, தானியமும் கூட வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். சில மாதங்களில் மாகாண அரசு படியைச் சற்றே ஏற்றியது. முதல் தொகுதியைப் படிக்கும்போது கீஸ் ஒரு பெரிய கேள்வியைப் புதிதாகக் கேட்டது போலத் தோன்றும். அந்தக் கேள்வியைக் கேட்டு, கிட்டத்தட்டச் சரியான பதிலும் சொல்லி, அதிகாரிகளோடு மல்லுக்கட்டிய ஒருவர் எழுபது வருடம் முன்பே சென்னையில் இருந்தார்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். அதன் குறைகளைப் பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொள்வதும் தப்பு.

முதல் குறை, எண்ணிக்கை. 32 பேர், நான்கு கலோரி அணிகள், அணிக்கு எட்டுப் பேர். அதற்குள் புரதம் உண்டு, இல்லை. அதற்குள் வைட்டமின் உண்டு, இல்லை. கணக்குப் போட்டால் ஒரு கட்டத்துக்கு இரண்டு பேர்தான் தேறுவார்கள். இரண்டு பேரை வைத்துக்கொண்டு "வைட்டமினால் பயன் இல்லை" என்று சொல்வது எவ்வளவு தாங்கும்? கலோரி பற்றிய முடிவு உறுதியானது, ஏனென்றால் அணிகளுக்கிடையே வித்தியாசம் பெரியது. வைட்டமின் பற்றிய முடிவை அவ்வளவு தூரம் இழுக்கக் கூடாது. தவிர, அவர்கள் ஆறு மாதம் முன்பு வரை நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த அமெரிக்க இளைஞர்கள். பி12, வைட்டமின் டி, இரும்பு குறைந்தே வளர்ந்த ஒருவருக்கு இந்த முடிவு பொருந்தும் என்று புத்தகத்தில் எந்த ஆதாரமும் இல்லை. அதே சமயம், அஸ்வகந்தா டப்பாவும் துத்தநாக மாத்திரையும் வாங்கிவிட்டு அதே 1,600 கலோரியில் தொடர்பவருக்கு இந்தப் பகுதி நன்றாகவே பொருந்தும்.

இரண்டாவது குறை பெரியது. ஹார்மோன் பற்றி இந்தப் புத்தகத்தால் நேரடியாக அதிகம் சொல்ல முடியாது. ரத்தத்தில் நுண்ணிய அளவில் ஹார்மோனைக் கண்டுபிடிக்கும் முறையை ரோசலின் யேலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் இறுதியில்தான் இன்சுலினுக்கு உருவாக்கினார்கள். டெஸ்டோஸ்டிரோனை அப்படி அளப்பது 1970ஐ ஒட்டித்தான் வழக்கத்துக்கு வந்தது. ஆகவே "மினசோட்டா பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் இத்தனை சதவீதம் விழுந்தது" என்று யாராவது எண்ணோடு சொன்னால், அந்த எண் இந்தப் புத்தகத்தில் இருந்து வந்திருக்க வழியில்லை. புத்தகத்தில் இருப்பது விளைவு: ஆசை போனது, திரும்பி வர நெடுநாள் ஆனது. காரணத்தை மற்றவர்கள்தான் பிறகு கண்டுபிடித்தார்கள்.

அந்தக் காரணம் இதுதான். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் விட்டு விட்டு ஒரு சமிக்ஞை அனுப்பும். அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எல்.ஹெச். என்ற ஹார்மோனை விடும். அது விரைக்குப் போய் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கவைக்கும். சாப்பாடு குறைந்தால் முதலில் மங்குவது மேலே இருக்கும் அந்தச் சமிக்ஞை. விரை நன்றாகவே இருக்கும், உத்தரவுதான் வராது. சாப்பாடு குறைந்தது மூளைக்கு எப்படித் தெரிகிறது? கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் ஒரு முக்கியமான தூதுவர். 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் ஆய்வுக்கூடம் அதைக் கண்டுபிடித்தது. 2003இல் மன்ட்ஸோரோஸ் குழு ஆரோக்கியமான ஆண்களை 72 மணி நேரம் உபவாசம் இருக்கவைத்துப் பார்த்தது. லெப்டின் விழுந்தது, எல்.ஹெச். துடிப்பும் டெஸ்டோஸ்டிரோனும் விழுந்தன. அதே உபவாசத்தில் லெப்டினை மட்டும் ஊசி மூலம் கொடுத்தபோது அந்த வீழ்ச்சி பெரிதும் தடுக்கப்பட்டது. சோறு போடவில்லை, சோறு இருக்கிறது என்ற தகவலை மட்டும் கொடுத்தார்கள். மூளை நம்பிவிட்டது.

கீஸ் புத்தகத்தின் இரண்டாம் பாதியோடு சேர்த்து வைத்துப் படிக்க வேண்டியது அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் பயிற்சி பற்றிய ஆய்வுகள். கார்ல் ஃப்ரீட்ல் குழுவினர் செய்தவை. எட்டு வாரப் பயிற்சி, தூக்கம் குறைவு, வெயில், குளிர், மலை, சதுப்பு நிலம், நாளுக்குச் சுமார் 1,000 கலோரி பற்றாக்குறை. முடிவில் இளம் வீரர்களின் டெஸ்டோஸ்டிரோன் விரை நீக்கப்பட்டவர்களின் அளவை நெருங்கியது. இத்தனை தொல்லைகளில் எது காரணம்? இடையில் வயிறாரச் சாப்பாடு கொடுத்தபோது, மற்றத் தொல்லைகள் தொடர்ந்தும், ஒரு வாரத்துக்குள் அந்த ஹார்மோன்கள் மீண்டன. தூக்கம் கெட்டதால், மன அழுத்தத்தால் என்று நாம் வரிசையாக அடுக்கும் காரணங்களுக்கு நடுவே, சோற்றுக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் ஒரு வாரம் பிரியாணி சாப்பிட்டால் போதுமா? இங்கேதான் கவனம் வேண்டும். ரேஞ்சர் வீரர்களின் பட்டினி வாரக்கணக்கு, மினசோட்டாவில் மாதக்கணக்கு. ரத்தத்தில் எண் திரும்புவது ஒன்று, ஆள் திரும்புவது வேறு. இடைப்பட்ட உதாரணம் ஒன்று உண்டு. 2013இல் ரோஸ்ஸோ குழு வெளியிட்ட, மருந்து எடுக்காத ஒரே ஒரு ஆணழகன் போட்டியாளரைப் பற்றிய ஆய்வு. வயது 26. ஆறு மாதத் தயாரிப்பில் அவருடைய டெஸ்டோஸ்டிரோன் 9.22இல் இருந்து 2.27க்கு விழுந்தது, நாடி 53இல் இருந்து 27க்குப் போனது. போட்டி முடிந்து நன்றாகச் சாப்பிட்ட ஆறு மாதத்தில் டெஸ்டோஸ்டிரோன் 9.91. ஒரே ஆள் என்பதால் இதைச் சட்டமாக்க முடியாது. ஆனால் போட்டி மேடையில் மின்னும் உடம்பைப் பார்த்து "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்று நினைப்பவர், அந்த நேரத்தில் அந்த உடம்புக்குள் ஆண் ஹார்மோன் கால் பங்குதான் இருந்தது என்பதையும் சேர்த்து நினைக்கலாம்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். 2016இல் கோலர் குழு, உடற்பயிற்சி செய்யும் ஆண்களுக்கு நான்கு நாள் மட்டும் மிகக் குறைவாக உணவு கொடுத்துப் பார்த்தது. லெப்டினும் இன்சுலினும் விழுந்தன, டெஸ்டோஸ்டிரோன் அசையவில்லை. நான்கு நாள் குறைவாகச் சாப்பிட்டதற்கெல்லாம் ஆண் உடம்பு கதவைச் சாத்துவதில்லை. ஏகாதசி விரதம் இருப்பவர் பயப்பட வேண்டாம்.

இந்த ஆய்வில் பயன்பட்ட அளவுகோலுக்கு 'எனர்ஜி அவைலபிலிட்டி' என்று பெயர். தமிழில் கைக்கு மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட கலோரியில் உடற்பயிற்சிக்குப் போனதைக் கழித்து, மீதியைக் கொழுப்பு நீங்கிய உடல் எடையால் வகுக்க வேண்டும். 65 கிலோ இளைஞர், 15 சதவீதம் கொழுப்பு என்றால் கொழுப்பு நீங்கிய எடை சுமார் 55 கிலோ. நாளுக்கு 1,900 கலோரி சாப்பிட்டு 500 கலோரியை ஜிம்மில் செலவழித்தால் மிச்சம் 1,400, அதாவது கிலோவுக்கு 25. இதே ஆள் 2,700 சாப்பிட்டால் 40. இளம்பெண்களில் ஆன் லவ்க்ஸ் செய்த ஆய்வுகளில் 30க்குக் கீழே ஹார்மோன் குலைந்தது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் 'ரெட்-எஸ்' என்ற பெயரில் இந்தப் பிரச்சினைக்குள் ஆண்களையும் சேர்த்தபோது, பலரும் அந்த 30ஐ அப்படியே ஆண்களுக்கும் மாட்டிவிட்டார்கள். அது பெண்களிடம் கடன் வாங்கிய எண். ஆண்களுக்கு எல்லை அதைவிடத் தாழ்வாக இருக்கலாம் என்றுதான் கோலர் ஆய்வு போன்றவை காட்டுகின்றன. எச்சரிக்கை விளக்காக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

800 கலோரி வித்தியாசம் என்றால் பயந்துவிட வேண்டாம். 100 கிராம் அரிசி, இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். முடிந்தது. எங்கள் பாட்டி காலத்தில் இதைச் சிறுதீனி என்பார்கள்.

கலோரியைக் கூட்டினால் அடுத்து வருவதுதான் பலரையும் திரும்பப் பட்டினிக்கே துரத்துகிறது. தொப்பை. கீஸின் மூல எண்களை 1990களில் அப்துல் டுல்லூ குழு திரும்பக் கணக்கிட்டது. கடைசிக் கட்டத்தில் கட்டுப்பாடு இல்லாமல் சாப்பிட அனுமதிக்கப்பட்டு, ஆய்வுக்கூடத்திலேயே தொடர்ந்த 12 பேரின் எண்கள். சிலர் ஒரே நாளில் 10,000 கலோரியைத் தாண்டினார்கள். அவர்களுக்குக் கொழுப்பு வேகமாகத் திரும்பி, பழைய அளவையும் தாண்டியது. தசை முதலிய மெலிந்த திசுக்கள் பின்தங்கின. அவை முழுதாகத் திரும்பும்வரை பசியும் அடங்கவில்லை. ஓராண்டுக்குப் பிறகும் அளக்கப்பட்ட சிலரிடம் எடையும் கொழுப்பும் பழைய நிலையை நோக்கி இறங்கியிருந்தன.

ஒரு 23 வயது இளைஞன் இதை எப்படி அனுபவிப்பான் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று மாதம் நன்றாகச் சாப்பிடுகிறான். கை கால் இன்னும் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் வருகிறது. பசி அடங்குவதாக இல்லை. "எனக்குக் கட்டுப்பாடே இல்லை, எல்லாம் போச்சு" என்று திரும்பக் குறைக்கிறான். தசை திரும்புவதற்கு முன்பே வழியை அடைக்கிறான். அடுத்த சுற்றில் பாக்கி இன்னும் கூடுகிறது. மினசோட்டாவில் இருந்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: பக்கத்தில் இன்னும் பதினொரு பேருக்கும் அதே தொப்பை. இவன் அறையில் கண்ணாடி மட்டும் இருக்கிறது. கீஸ் இந்தக் கட்டத்தைப் பதிவு செய்தார், ஆனால் பசியின் அர்த்தத்தைப் பிடித்தது டுல்லூதான். அளவுமீறிய பசி ஒழுக்கக் கேடு அல்ல, முடியாத கட்டட வேலையின் சத்தம்.

'வளர்சிதை மாற்றம் செத்துப்போச்சு' என்ற பேச்சுக்கும் இந்தப் புத்தகத்தையே சாட்சிக்கு இழுக்கிறார்கள். ஓய்வு நிலை ஆற்றல் செலவு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி உடம்பே சிறுத்துப்போனதால் வந்தது. உயிருள்ள திசுவின் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால் வீழ்ச்சி 15 சதவீதத்தை ஒட்டியே. அதுவும் சாப்பிட்டால் திரும்புகிறது. "குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு எடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குண்டாக்கும்" என்பதற்கும் இங்கே இடமில்லை. அந்த ஆறு மாதத்தில் யாரும் குண்டாகவில்லை.

யாருக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லாவிட்டால் நானும் அந்த யூடியூபர்கள் மாதிரிதான். மினசோட்டாவில் இருந்தவர்கள் சரியான எடையில் தொடங்கி மெலிந்தவர்கள். 100 கிலோ எடையும் பெருத்த இடுப்பும் உள்ள ஒருவருக்கும் டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருக்கலாம். அவருக்கு வழி நேர் எதிர். ஐரோப்பிய ஆண்கள் முதுமை ஆய்வு போன்றவற்றில் எடை குறைந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியது, எடை கூடியவர்களுக்கு இறங்கியது. பிட்யூட்டரிக் கட்டி, பிறவிக் குரோமோசோம் கோளாறு, தைராய்டு என்று சோற்றுக்குச் சம்பந்தமில்லாத காரணங்களும் உண்டு. இவற்றை ரத்தப் பரிசோதனைதான் பிரிக்கும். மிகவும் மெலிந்துபோனவர்கள் திடீரென்று நிறையச் சாப்பிடுவதிலும் ஆபத்து உண்டு. ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் வரை பாதிக்கலாம். அவர்களை மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் மீட்க வேண்டும்.

நான் இந்தப் புத்தகத்தை இவ்வளவு தூரம் இழுப்பதற்குக் காரணம் ஊசி. குறைந்த டெஸ்டோஸ்டிரோன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் ஒல்லியான இளைஞனுக்கு இன்று மிகச் சுலபமாகக் கிடைப்பது சாப்பாட்டு ஆலோசனை அல்ல, டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஜிம்மிலேயே கிடைக்கும். ஊசி போட்டால் எண் ஏறும், உற்சாகம் வரும், உண்மைதான். ஆனால் வெளியில் இருந்து வந்த ஹார்மோனைப் பார்த்து மூளை எல்.ஹெச்.சை அடியோடு நிறுத்தும், விந்தணு உற்பத்தி சரியும். உலக சுகாதார நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தது ஆண்களுக்கான கருத்தடை முறையாக! பாதிக்கு மேற்பட்டவர்களிடம் விந்தணுவே இல்லாத நிலை வந்தது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்புகிறது, ஆனால் மாதங்கள் ஆகும். உத்தரவு வராததுதான் பிரச்சினை என்று இருக்கும் ஒருவருக்கு, உத்தரவு அனுப்பும் இடத்தை முழுதாக மூடும் மருந்து. அவர் என்ன சாப்பிடுகிறார், ஆறு மாதத்தில் எத்தனை கிலோ இறக்கினார் என்று ஒரு கேள்வி கேட்காமலேயே எழுதப்படும் மருந்து.

அந்தக் கேள்வியைக் கேட்பவருக்கும் கீஸ் முழுப் பதிலைத் தரவில்லை. எவ்வளவு நாளாகும்? புத்தகத்தின் முக்கிய அளவீடுகள் 20 வாரத்தில் முடிகின்றன, அதுவும் கடைசி எட்டு வாரம் 12 பேருக்கு மட்டும். அதற்குப் பிறகு வந்துபோன சிலரின் எண்கள். போர் முடிந்தது, சேவைக்காலம் முடிந்தது, ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். 2000களின் தொடக்கத்தில் கால்ம், செம்பா என்ற இரு ஆய்வாளர்கள் உயிரோடு இருந்தவர்களில் 18 பேரைத் தேடிப் பேட்டி எடுத்தார்கள். அப்போது அவர்களுக்கு 80 வயதை ஒட்டி. பழைய நிலைக்கு வர எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு, சிலர் இரண்டு மாதம் என்றார்கள், சிலர் இரண்டு வருடம் என்றார்கள்.